காலத்தை வென்ற கொற்றவரே!

வீட்டுக் கொட்டிலில் பற்றரியையும் செப்புக் கம்பியையும் பிணைத்துக் கால இயந்திரம் செய்யப் பார்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். எச்.ஜி.வெல்ஸ் 1895இல் கால இயந்திரக் கதையை எழுதியது முதல் அவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. பாவம், திருகோணமலைக்கு வந்திருந்தால் இயந்திரமே இல்லாமல் காரியத்தை முடித்த உங்களிடம் பாடம் படித்திருப்பார்கள்.

ஆட்சியாளப் பெருமக்களே, 1996இல் மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின, மின்சாரம் போதவில்லை. சாதாரண மனிதர் மின் நிலையத்தைப் பற்றி யோசித்திருப்பார். நீங்கள் மே 25 நள்ளிரவில் நாட்டையே ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினீர்கள். கோணேசர் மலைக்குக் கிழக்கே 5.45க்கு எழும் சூரியன் அன்று 6.45க்கு எழுந்தான். சூரியனையே காக்க வைத்த அரசர் உங்களுக்கு முன் யார்? ஒக்டோபரில் அரை மணியைத் திருப்பித் தந்தீர்கள். மற்ற அரை மணியை ஏறத்தாழப் பத்து ஆண்டு பத்திரமாக வைத்திருந்தீர்கள். அந்த ஆண்டுகளில் தை மாதத்தில் ஏழு மணி நெருங்கியும் சூரியன் எழவில்லை. விடியுமுன் லைட்டைப் போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்பிய தாய்மார் உங்கள் மின்சேமிப்பை வாயார வாழ்த்தியிருப்பார்கள்.

ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய வீரர்களே, நீங்களும் சளைத்தவர்களல்லர். உங்கள் பகுதியில் பழைய நேரத்தை அசைய விடாமல் காத்தீர்கள். 2002 போர்நிறுத்தக் காலத்தில் அரசின் பக்கமிருந்த மூதூரில் மணி எட்டரை என்றால், கட்டைபறிச்சான் சோதனைச் சாவடிக்கு அப்பால் உங்கள் பக்கமிருந்த சம்பூரில் எட்டுத்தான். யாராவது நேரம் சொன்னால், “பழசா, புதுசா?” என்று கேட்காமல் புறப்பட முடியாது. மணிக்கூட்டைப் பின்னே நிறுத்திய நீங்கள் பிள்ளைகளை மட்டும் முன்னே தள்ளினீர்கள்: கொப்பி பிடிக்கும் வயதில் துப்பாக்கி பிடிக்க வைத்து, ஒரே நாளில் பெரியவர்களாக்கினீர்கள். இதை எந்த விஞ்ஞானி செய்தான்?

2006 ஏப்ரல் 15இல் கொழும்பு பழைய நேரத்துக்கே திரும்பியது. நாடு முழுக்க ஒரே நேரம்! என்ன ஒற்றுமை! பத்தாம் நாள் கொழும்பில் தற்கொலைக் குண்டு வெடித்தது. அன்றே சம்பூர்ப் பக்கம் விமானங்கள் குண்டு போட்டன. இரு தரப்பும் ஒரே மணிக்கூட்டைப் பார்த்தே கொன்றன.

சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அவர்களுடைய காணியையும் நீங்கள் வீணாக விடவில்லை, ஆட்சியாளப் பெருமக்களே. மின்சாரத்துக்காக முன்பு நேரத்தை எடுத்தவர்கள், இம்முறை அனல்மின் நிலையத்துக்காக நிலத்தை எடுத்தீர்கள். 2016இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டீர்கள். 2015இலும் 2016இலும் மக்கள் திரும்பியபோது, வீடிருந்த இடத்தில் பற்றைக்காடு வளர்ந்திருந்தது. கைக்குழந்தையாக இடுப்பில் போன பிள்ளை பத்து வயதில் சொந்த ஊரை முதன்முதலாகப் பார்த்தது. பத்து ஆண்டுகளை அப்படியே மறைய வைத்த வித்தை உங்களுடையது.

புகழ்ந்தது போதும். அரை மணியைத் திருப்பித் தர ஓர் அறிவித்தல் போதுமாக இருந்தது. பத்து ஆண்டுகளைத் திருப்பித் தர எந்த அறிவித்தலாலும் முடியாது. ஆகவே, இனி மின்சாரத்தின் பேராலோ பாதுகாப்பின் பேராலோ ஒருவருடைய நேரத்தையும் நிலத்தையும் தொடுமுன், அந்த ஊருக்குப் போய் அந்த மக்களைக் கேளுங்கள்.