பழைய சாவியையும் தந்த புண்ணியவான்களுக்கு…

பெறுநர்:
மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார்,
ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம்.

பொருள்: விஸ்டா பிசினஸ் – நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

2006 நவம்பர் 30 அன்று நியூயார்க்கில் உங்கள் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்தை நிறுவனங்களுக்கு அறிமுகம் செய்தார். வீட்டில் கணினி வைத்திருப்போருக்கு 2007 ஜனவரி 30 அன்றுதான் கிடைத்தது. முந்தைய விண்டோஸான எக்ஸ்பிக்குப் பிறகு ஐந்து வருடம் காத்திருந்த பந்தியில் முதல் இலையை வணிகர்களுக்கே போட்டீர்கள். அந்த மரியாதையை மறக்க முடியுமா?

ஒரு பதிப்புக்கு 'பிசினஸ்' என்றே பெயரும் சூட்டினீர்கள். அமெரிக்காவில் முழு விலை 299 டாலர். ஆனால் மடிக்கணினி களவுபோனாலும் கோப்புகளைப் பிறர் படிக்காதபடி பூட்டும் பிட்லாக்கர் மட்டும் அதில் இல்லை. அதற்கு என்டர்பிரைஸ் அல்லது அல்டிமேட் பதிப்புக்குப் போக வேண்டும். கடைக்குப் பெயர்ப்பலகை கொடுத்துவிட்டு, ஷட்டர் பூட்டைப் பக்கத்துக் கடையில் வாங்கச் சொன்ன மாதிரி. போகட்டும், சீட்டாட்டத்தை எடுத்து ஒளித்து வைத்து ஊழியர் ஒழுக்கத்தையாவது காத்தீர்கள்.

விஸ்டாவின் பாதுகாப்பு உணர்வைப் பாராட்டியே ஆக வேண்டும். கணினிக் கடிகாரம் பத்து நிமிடம் பிந்துகிறதே என்று கணக்கர் சரிசெய்யப் போவார். திரை இருண்டுவிடும். நடுவில் ஒரு பெட்டி எழுந்து அனுமதி கேட்கும். "நான்தானய்யா மாற்றச் சொன்னேன்!" என்று முனகியபடி அமுக்குவார். நாலே நாளில் படிக்காமலே அமுக்கப் பழகிவிடுவார். யார் வந்தாலும் குரைக்கிற நாயைத் திருடன் வரும் ராத்திரியில் யார் எழுந்து பார்ப்பார்கள்?

'விஸ்டாவுக்கு ஏற்றது' என்று சீட்டு ஒட்டி விற்ற கணினிகளில் பல, விஸ்டாவின் கண்ணாடி போன்ற திரை ஜொலிப்பைக் காட்டத் திராணியில்லாதவை. உங்கள் அன்றைய துணைத்தலைவர் மைக் நாஷே அப்படியொரு கணினியை 2,100 டாலர் கொடுத்து வாங்கி, மின்னஞ்சல் பார்க்கத்தான் உதவுகிறது என்று நொந்துகொண்டது அந்தச் சீட்டு தொடர்பான வழக்கில் வெளிவந்தது. சமைத்த வீட்டுக்காரரும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார் என்பதில் எங்களுக்கு ஆறுதல்.

எல்லாவற்றுக்கும் மேலான நன்றி இனிமேல்தான். விஸ்டா பிசினஸ் ஏற்றிய கணினி வாங்கியவர் எக்ஸ்பி புரொஃபஷனலுக்கே திரும்பிப் போகலாம் என்று உரிமத்தில் எழுதிக் கொடுத்தீர்களே! கிரகப்பிரவேசத்தன்றே பழைய வீட்டுச் சாவியையும் கையில் தந்த பெருந்தன்மை அது. 2009இல் விண்டோஸ் 7 வரும்வரை எத்தனையோ அலுவலகங்கள் அந்தப் பழைய வீட்டில்தான் குடியிருந்தன.

விஸ்டா பிசினஸில் பிசினஸுக்கு உதவிய வசதி அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
எக்ஸ்பிவாசிகள் சார்பில் ஒருவன்.