மேம்பாலத்துக்கு அடியிலிருந்து ஒரு மனு

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பொருள்: மார்த்தாண்டம் நெரிசலுக்கு மாடி கட்டியது தொடர்பாக.

ஐயா,

பம்மத்திலிருந்து குழித்துறைப் பக்கம் வரை இரும்பில் இரண்டரை கிலோமீட்டர் மேம்பாலம் கட்டித் தந்தீர்கள். 2018 நவம்பரில் திறந்துவிட்டபோது ஊரே குடும்பத்தோடு ஏறி நடந்து பார்த்தது. நடக்கிறவனுக்கென்று இந்தக் குமரி மாவட்டத்தில் ஒரு சாலை கிடைத்தது அப்போதுதான். முதலில் அதற்கு நன்றி.

பாலத்தைக் குறை சொல்லவில்லை. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறவர்கள் மார்த்தாண்டத்தைத் தொடாமலே பறக்கிறார்கள். சங்கடம் என்னவென்றால், மார்த்தாண்டத்துக்கே வருகிறவனுக்கு அந்தப் பாலம் உதவாது. சந்தைக்கு வாழைக்குலை கொண்டுவருகிறவர், கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர் எல்லாரும் பழையபடி கீழேதான் கிடக்கிறோம், இப்போது நடுவில் தூண்களும் துணைக்கு. நிழல் உண்டு, அதை மறுக்கக்கூடாது. 2024 மே மாதம் பாலத்தில் ஓட்டை விழுந்து போக்குவரத்தை நிறுத்தியபோது மேலே பறந்தவர்களும் இறங்கி வந்து எங்களோடு சேர்ந்து நின்றார்கள். சமத்துவம் என்றால் அது.

நாகர்கோவில் பார்வதிபுரத்திலும் ஒரு பாலம். அங்கே மிச்சம் பிடிக்கும் நிமிடங்களை வெட்டூர்ணிமடத்திலும் வடசேரியிலும் வட்டியோடு கட்டுகிறோம். சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் வண்டிகள் வந்து நிரப்பிவிடும் என்று அந்தோணி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1962-லேயே எழுதிவிட்டார். எங்கள் டாரஸ் கனரக லாரிகள் அதைப் படிக்காமலே தினமும் நிரூபிக்கின்றன. உடைத்த மலையைக் கல்லும் மண்ணுமாகக் கேரளத்துக்கு ஏற்றிப் போகின்றன. இங்கே வயலையும் குளத்தையும் மூடிப் போடுகிற நாலுவழிச் சாலையோ மண் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இந்தக் கணக்கு உங்கள் பொறியாளர்களுக்காவது புரிகிறதா?

மெட்ரோ கேட்கலாம் என்றும் சிலர் யோசனை சொன்னார்கள். 20 லட்சம் மக்கள் இல்லை என்று 2025-இல் கோவை, மதுரை திட்டங்களே திரும்பி வந்துவிட்டன. எங்களுக்கு மாவட்டம் முழுவதையும் கூட்டினாலும் 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம்தான். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினால் ஒருவேளை தேறும்.

ஆனால் மெட்ரோ வேண்டாம் ஐயா. நாகர்கோவில், இரணியல், குழித்துறை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு 1979 முதல் தண்டவாளம் கிடக்கிறது. ஒற்றைப் பாதை, எதிரே ஒரு வண்டி வந்தால் இந்த வண்டி ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். இரட்டைப் பாதை வேலை இன்னும் முடிந்தபாடில்லை. அதை முடித்து, காலையிலும் மாலையிலும் பாசஞ்சர் வண்டிகளைக் கூட்டினால், திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர் காரை வீட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

அது ரயில்வே அமைச்சகம், எங்கள் இலாகா இல்லை என்பீர்கள். உங்கள் பரிவஹன் பவனிலிருந்து ரயில் பவன் நடக்கிற தூரம்தான். வண்டி எடுக்காமல் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
விளவங்கோடு தாலுகாக்காரன் ஒருவன்