பெட்ரோல் குழாயும் சேணமும்: நியூ ஜெர்சி சட்டமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம்



தன் வண்டிக்குத் தானே பெட்ரோல் போட்டுக்கொள்வதை எங்கும் அனுமதிக்காத ஒரே அமெரிக்க மாநிலம் நியூ ஜெர்சி. சட்டம் 1949இல் வந்தது. இதே வழியில் நடந்த ஒரிகன் மாநிலமும் 2023இல் மனம் மாறிவிட்டது. நியூ ஜெர்சி பெட்ரோல் பங்க்குகளில் குழாயைத் தொடும் உரிமை இன்றும் ஊழியருக்கே. அவர் நாலு வண்டி தாண்டி வரும்வரை, பின்னால் டிரெய்லரில் அரை டன் குதிரையை ஏற்றிவந்த பெண் காத்திருக்க வேண்டும். குதிரை காத்திருப்பதில்லை, டிரெய்லரை உதைத்துத் தன் கருத்தைச் சொல்லிவிடும். அதற்குத் தடையில்லை.

தடைக்கான காரணங்களைச் சட்டமே சொல்கிறது: தீ அபாயம், பெட்ரோல் ஆவி, அதிலும் கர்ப்பிணிகளுக்கு அது செய்யும் கேடு. பெண்ணுடல்மேல் இவ்வளவு கரிசனம் கொண்ட மாநிலம், 1977இல் குதிரையைத் தன் மாநில விலங்காகவும் அறிவித்தது. பெண்ணுக்கும் குதிரைக்கும் நடுவில் இருக்கும் சேணம் மட்டும் கண்ணில் படவில்லை.

சேணம் நெடுங்காலம் குதிரைப்படை வீரனின் உடலுக்கே அளவெடுக்கப்பட்டது. பெண்ணின் இடுப்பெலும்பு அகலம். உட்காரும்போது எடையைத் தாங்கும் இரு எலும்பு முனைகளும் ஆணுக்கு இருப்பதைவிடத் தள்ளி இருக்கும். இருக்கை குறுகினால் அவை விளிம்புக்குப் போய்விடும். பாரம் முன்பக்கத்து மென்சதையில் இறங்கும். உரசல், வீக்கம், மரத்துப்போதல் எல்லாம் அதன் பின்தான். வலிக்கு ஒதுங்கி உட்கார்ந்தால், “நேராக உட்கார்” என்று பயிற்சியாளர் அதட்டுவார். முற்காலம் கண்ட தீர்வு இரு கால்களையும் ஒரே பக்கம் போடும் சேணம்; அதில் பிழைத்தது மானம், திருகிக்கொண்டது முதுகு. பெண்ணுடலுக்கென்று செய்த சேணங்கள் இப்போது கிடைக்கின்றன, பணமுள்ளவர்களுக்கு.

சேணம் போதாதென்று களமும் மூடியிருந்தது: ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் டிரெஸ்ஸாஜ் பிரிவு பெண்களுக்குத் திறந்தது 1952இல், ஹெல்சிங்கியில். அங்கே வெள்ளி வென்ற டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலுக்குப் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலில்லை. குதிரைமேல் ஏற்றிவிட ஆள் வேண்டியிருந்தது; ஓட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆகவே பெட்ரோல் சட்டத்தை அதன் தர்க்கப்படியே நீட்டித்து, குறுகிய சேணத்தில் பெண்ணுக்குப் பதிலாக உட்கார, பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவரை லாயம்தோறும் நியமிக்கலாம். பெட்ரோல் விதியை முதல்முறை மீறினால் 50 முதல் 250 டாலர் அபராதம் உண்டு. அதே தொகையைக் குறுகிய சேணத்துக்கும் விதித்து, வசூலில் பங்க் வாசலில் காத்திருக்கும் குதிரைகளுக்குப் புல் வாங்கிப் போடலாம்.