மாப்பிள்ளையின் கப்பல் பிரயாணம்

வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. நீங்க கம்ப்யூட்டர்ல போட்ட பயணத் திட்டத்தை உங்க பொண்டாட்டி, அதான் என் பேத்தி, காட்டினா. கட்டம் கட்டமா, கலர் கலரா, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருந்துச்சு. பர்மிங்காம்ல இருந்து வூஸ்டர் வரைக்கும் கால்வாய் 30 மைல். படகு மணிக்கு 4 மைல் போகும். ஆக மொத்தம் ஏழரை மணி நேரம். காலையில இட்லி சாப்பிட்டுக் கிளம்பினா சாயங்காலக் காபி வூஸ்டர்ல. வகுத்தல்ல தப்பே இல்லை. ஏழரைன்னு பார்த்ததும்தான் எனக்குச் சனீஸ்வரன் ஞாபகம் வந்துச்சு.

நடுவுல 58 லாக், அதான் படகை ஏத்தி இறக்குற கதவுத் தொட்டி, இருக்கு மாப்பிள்ளை. உங்க கட்டத்துல அதுக்கு இடம் இல்லைபோல.

இந்த ஊருக்கு வந்ததுல இருந்து காலை நடை எனக்கு அந்தக் கால்வாய்க் கரையிலதான். தஞ்சாவூர்ப் பக்கம் முறைத் தண்ணிக்கு மண்வெட்டியோட மதகடியில விடிய விடியக் கிடந்த உடம்பு இது. கதவும் தண்ணியும் இருக்குற இடத்துல நின்னு நாலு பேரை விசாரிக்காம நகராது. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு கொஞ்சம், அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழ் பூஜ்யம். ஆனாலும் வேலை நடந்துச்சு. படகுக்காரங்க கணக்கு வேற. மைலையும் லாக்கையும் கூட்டு, மூணால வகு, வர்றதுதான் மணி. 30-ம் 58-ம் 88. மூணால வகுத்தா 29 மணி நேரத்துச் சொச்சம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினா போறதுக்கே அஞ்சு நாள். திரும்பி வர இன்னொரு அஞ்சு. உங்க லீவு ஒரு வாரம். பரவாயில்லை, மீதியை மெடிக்கல் லீவா எழுதிக்கலாம். எப்படியும் இடுப்பு பிடிச்சிருக்கும், பொய் சொன்ன பாவம்கூட வராது.

இதுல இன்னொன்னு. இந்தக் கால்வாய் ஆளைப் பார்த்து ஏமாத்தும். பர்மிங்காம்ல இருந்து முதல் 14 மைலுக்கு ஒரு லாக் கிடையாது. போர்ன்வில் சாக்லேட் ஃபேக்டரி ஓரமாப் போவீங்க, வாத்துக்கு ரொட்டி போடுவீங்க, செல்ஃபி எடுப்பீங்க. அப்புறம் வாஸ்ட் ஹில் சுரங்கம், 2,726 கஜம், ரெண்டரை கிலோமீட்டர் கும்மிருட்டு. குதிரை கட்டிப் படகு இழுத்த காலத்துல இதுக்குள்ள கரைப்பாதையே கிடையாது. குதிரையை அவிழ்த்து மலைமேல நடத்திக் கூட்டிட்டுப் போவாங்களாம். நீங்க எஞ்சின் போட்டுப் போயிருவீங்க, கூரையில இருந்து சொட்டுற தண்ணிதான் கழுத்துக்குள்ள இறங்கும். அதையும் தாண்டி, 'என்னமோன்னு பயமுறுத்தினாரே கிழவர்'னு நீங்க சிரிக்கிற நேரத்துல டார்டிபிக் வரும். ரெண்டே கால் மைலுக்குள்ள 30 லாக். 220 அடி இறக்கம். பிரிட்டன்லயே இதைவிட நீளமான லாக் வரிசை கிடையாது. அதுல முதல்ல வர்றதே 14 அடி ஆழம். தேர்ந்த கை இருந்தா மூணு நாலு மணி நேரத்துல இறங்கலாம். உங்க கூட்டத்துக்கு ஆறு போடுங்க. சண்டைக்குத் தனியா ஒண்ணு.

லாக்குல என்ன பெரிய வித்தைன்னு கேப்பீங்க. நீங்க இறங்குற ஆளு, அதனால தொட்டி முதல்ல நிரம்பியிருக்கணும். மேல்கதவைத் திறந்து படகை உள்ள விட்டு, கதவைச் சாத்தணும். எல் மாதிரி வளைஞ்ச இரும்புக் கைப்பிடி ஒண்ணு கொடுப்பாங்க, அதை மாட்டிச் சுத்தினா கீழ்க்கதவுப் பக்கத்து அடைப்பு மேல வரும், தண்ணி வடியும், படகு இறங்கும். ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துக்கு வந்தாத்தான் கீழ்க்கதவு அசையும். அதுக்கு முன்னாடி நீங்க தள்ளினாலும், ஜிம்முக்குப் போற உங்க தம்பி தள்ளினாலும் ஒண்ணும் நடக்காது. மட்டம் வந்ததும் கதவோட நீட்டுக்கட்டையில முதுகைக் கொடுத்து நிதானமா சாய்ஞ்சா போதும், ஒரு கிழவியே திறந்துருவா. திறந்ததைப் பார்த்தேன், அதான் சொல்றேன்.

சுத்துற கைப்பிடியைப் பாதியில விட்டுட்டு போன் பேசாதீங்க. பல்சக்கரக் கொக்கி நழுவினா அது தானா சுழலும், எதிர்ல இருக்குற பல்லு உங்களோடதா இருக்கும்.

இதை மட்டும் விளையாட்டில்லாமக் கேளுங்க. மேல்கதவுக்கு அடியில கல்திட்டு ஒண்ணு தண்ணிக்குள்ள ஒளிஞ்சிருக்கும். தண்ணி வடிய வடியத்தான் தலையைக் காட்டும். எது வரைக்கும் அது நீண்டிருக்குன்னு பக்கச்சுவர்ல வெள்ளைக்கோடு போட்டிருப்பான். படகோட பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னாடி நிக்கணும். பின்னால ஒதுங்கினா, சுக்கான் அந்தத் திட்டுல உக்காந்துக்கும். முன்பக்கம் மட்டும் தண்ணியோட கீழ இறங்கும். படகு சாய்ஞ்சு மூழ்கியே போகும். மூழ்கியும் இருக்கு. அப்படி ஆகுதுன்னு தெரிஞ்ச நிமிஷம் கீழ் அடைப்பை இறக்கி வடியறதை நிறுத்தணும். அதனால அடைப்புப் பக்கத்துல ஒரு ஆள் கண்ணை எடுக்காம நிக்கணும், கயித்தை இறுக்கிக் கட்டிடவும் கூடாது.

அடுத்து, யார் எங்க? இந்தக் கரையில நான் பார்த்த வரைக்கும், ஆம்பளை சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு டீ குடிப்பான். பொண்டாட்டி கரையில ஓடி ஓடிக் கதவு தள்ளுவா. நீங்களும் கேப்டன் தொப்பி வாங்கியாச்சாம். சுக்கானைப் பேத்திகிட்ட கொடுங்க மாப்பிள்ளை. படகு நீளம் 60 அடி, அகலம் ஏழடி. பனைமரத்தைப் படுக்கப்போட்டு அதோட வால்ல நின்னு திருப்புற வேலை. சுக்கானை இடது பக்கம் தள்ளினா படகு வலது பக்கம் போகும். பிரேக்கும் கிடையாது. சொன்னதுக்கு நேர்மாறா நடக்குறதை அவ கல்யாணம் ஆன நாள்ல இருந்து சமாளிச்சுக்கிட்டு வர்றா.

எதிர்ல படகு வந்து, லாக் அவங்களுக்குத் தோதா இருந்தா, அவங்களை முதல்ல விடுங்க. ஒவ்வொரு தடவை வடிச்சாலும் லட்சம் லிட்டருக்கு மேல கீழ போகுது. 2025 கோடையில மழை பொய்ச்சு எத்தனையோ கால்வாயை மூடினாங்க; அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி எது திறந்திருக்கு, எது மூடியிருக்குன்னு பாருங்க. கட்டிக் கிடக்குற படகு பக்கத்துல வேகத்தைக் குறைங்க. இல்லேன்னா உள்ள ஒருத்தன் டீ கொட்டும், அவன் வெளிய வந்து பேசுற இங்கிலீசு உங்க ஆபீஸ்ல கேட்டிருக்க மாட்டீங்க.

கக்கூஸ் சமாச்சாரமும் உங்க கட்டத்துல இல்லை. சில படகுல அடியில பெட்டி இருக்கும், நிரம்பும். அதைத் தூக்கிட்டுப் போய் அதுக்குன்னு இருக்குற இடத்துல கொட்டணும். முறை போட்டு எழுதி ஒட்டுங்க. என் பேரை எழுதாதீங்க, வயசாச்சு.

சரி, என்னதான் பண்றதுன்னு கேக்குறீங்களா? டார்டிபிக் மேல் லாக் வரைக்கும் போங்க, இறங்காதீங்க. பக்கத்துல படகைக் கட்டுங்க. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல டாம் ரோல்ட்னு ஒருத்தர் 'கிரெஸ்ஸி'ங்கற படகை அங்கதான் வருஷக்கணக்காக் கட்டி வச்சுக் குடியிருந்தார். 1944-ல வெளிவந்த அவரோட 'நேரோ போட்' புத்தகத்தைப் படிச்சிட்டு ராபர்ட் ஐக்மன் அடுத்த வருஷம் அங்க தேடி வந்தார். 1946-ல ரெண்டு பேரும் சேர்ந்து உள்நாட்டு நீர்வழிச் சங்கம் ஆரம்பிச்சாங்க. சரக்குப் போக்குவரத்து செத்து, தூர்ந்து போக இருந்த கால்வாய்களுக்காகச் சண்டை போட்டது அவங்கதான். இன்னைக்கு நீங்க காசு கொடுத்து முதுகை ஒடிச்சுக்க வழி பண்ணிக் கொடுத்த புண்ணியவான்கள். ரோல்ட்டே கட்டிப் போட்ட இடத்துல நாமளும் கட்டிப் போட்டா கௌரவக் குறைச்சல் இல்லை. நாற்காலி போட்டு, மேல இருந்து இறங்குறவனையும் கீழ இருந்து வேர்த்து விறுவிறுத்து ஏறி வர்றவனையும் வேடிக்கை பாருங்க. உங்க தம்பி ஆசைப்பட்டா நாலு கதவு தள்ளிக் கொடுத்துட்டு வரட்டும்; ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுப்பாங்க.

பேத்திகிட்ட இதைச் சொல்லி நேத்தே திட்டத்தை மாத்தியாச்சு. நீங்க மெயிலைப் பார்க்கலைபோல. எனக்கு முன்பக்கத்துப் படுக்கை, பின்பக்கம் எஞ்சின் சத்தம். தலைகாணி ரெண்டு போட்டிருக்கா. உங்களுக்கு எது மிச்சம்னு அவகிட்டக் கேட்டுக்குங்க.