சீட்டு அக்கா

தெருவுக்குத் தெரு ஒரு சீட்டு அக்கா உண்டு. நாற்பது பக்க நோட்டு, மூடி தொலைந்த பேனா, இருபது குடும்பங்களின் வண்டவாளம்; இவைதான் கைமுதல். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. முதல் மாதப் பணம் தள்ளு இல்லாமல் அக்காவுக்கு. அதுவே அவர் கூலி. அப்புறம் மாதாமாதம் ஏலம். அதிகம் தள்ளுகிறவருக்குச் சீட்டு, தள்ளிய தொகை எல்லாருக்கும் பங்கு. ஏலம் எட்டாயிரம், பத்தாயிரம் என்று நகரும்போது ஒருவர் எடுத்த எடுப்பில் ‘முப்பது’ என்றால், பங்கு கூடுகிறதே என்று கூட்டம் பூரிக்கும். அக்காவின் முகம் மட்டும் சுருங்கும். “ஏன் தம்பி, வீட்டுல எல்லாரும் சௌக்கியந்தானே?” முப்பதாயிரத்தை விட்டுக்கொடுத்து எடுக்கிறவர் மீதித் தவணையைக் கட்டுவாரா என்பதே அந்தக் குசலத்தின் உள்ளுறை. வட்டி ஏற ஏற நாணயஸ்தர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், துணிந்தவர்களே கடன் கேட்டு நிற்பார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் ஸ்டிக்லிட்ஸும் வெய்ஸும் 1981இல் கணிதம் போட்டு நிறுவினார்கள். ஸ்டிக்லிட்ஸ் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அக்காவோ தீபாவளிக்கு எல்லாருக்கும் எவர்சில்வர் டப்பா வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஊர் வம்பை மூலதனமாக்குவது அறமா என்று கேட்கலாம். வங்கியும் நம் வண்டவாளத்தை விசாரிக்கத்தான் செய்கிறது. மூன்று இலக்க மதிப்பெண்ணாகச் சொல்வதால் நாகரிகமாகத் தெரிகிறது. வம்புக்கு இன்னொரு பயனும் உண்டு. “இந்த மாசம் யாரும் ஏத்தாதீங்க, அவ மகளுக்கு ஆபரேஷன்” என்று அக்கா சொன்னால், இருபதாயிரத்துக்குப் போகவேண்டிய சீட்டு ஐயாயிரத்தில் நின்றுவிடும். ஆளுக்கு 750 ரூபாய் நஷ்டம். முணுமுணுப்பார்கள், ஆனால் ஏற்ற மாட்டார்கள். தமக்கும் ஒரு மாதம் அப்படி வரும் என்பது அவர்கள் கணக்கு. இதில் இரக்கம் எவ்வளவு, முன்யோசனை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது, குழம்பிலிருந்து உப்பைத் தனியே எடுப்பது மாதிரி.

சீட்டுப் பணத்தோடு ஓடிப்போன அக்காக்கள் இல்லையா? உண்டு. முன்அனுமதியும் பதிவும் வேண்டும் என்கிற 1982ஆம் ஆண்டுச் சட்டம் சும்மா வரவில்லை. ஆனால் பலர் நினைப்பதுபோல அக்காவுக்குப் பொருளாதாரம் தெரியாததால் சீட்டு கவிழ்வதில்லை; அவர் அறிவின் எல்லை தெருமுனையோடு முடிகிறது, ஆசை அங்கே நிற்பதில்லை. இருபது வீட்டு அடுப்பங்கரை தெரிந்தவருக்கு இருநூறு வீட்டு வாசல்கூடத் தெரியாது. “அந்தத் தெரு ஆளுங்க எனக்குப் பழக்கமில்ல” என்கிறவரை பயமில்லை. மூன்றாவது நோட்டு போட்டு, “யாரா இருந்தா என்ன, சேர்த்துக்கலாம்” என்று அவர் சொல்லும் நாளில், குசலம் விசாரிக்கும் முறை நம்முடையது: “என்னக்கா, வீட்டுல எல்லாரும் சௌக்கியந்தானே?”