மாப்பிள்ளை வீட்டுப் படை

வல்லரசை வீழ்த்துவது வீட்டுச் சண்டையா, வெளிப்பகையா? பைசாந்தியப் பேரரசைப் பட்டிமன்றத்துக்கு அழைத்தால் இரு அணிக்கும் அதுவே பேசும்.

1341இல் சிறுவன் ஐந்தாம் ஜான் அரியணை ஏறினான். தாய் அன்னாவுக்கும் தளபதி கண்டகூசினோஸுக்கும் மூண்ட சண்டை ஆறாண்டு நீண்டது. செலவுக்கு அன்னா அரச நகைகளை வெனிஸிடம் 30,000 டுகாட்டுக்கு அடகு வைத்தார். தளபதியோ படையுதவிக்காக 1346இல் ஓட்டோமான் ஆட்சியாளர் ஓர்ஹானுக்குப் பெண்ணையே கொடுத்தார்.

1347இல், சண்டையில் வென்ற தளபதிக்கு முடிசூட்டு விழா. கிரீடத்தில் கண்ணாடிக் கற்கள். விருந்தில் மண் தட்டுகள். எளிமை என்று மெச்சத்தான் ஆளில்லை.

1354இல் நிலநடுக்கத்தில் கல்லிப்போலி இடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் படை அங்கே குடியேறியது. காலி செய்யப் பணம் தருவதாகச் சொல்லிப் பார்த்தார் மாமனார், நடக்கவில்லை. அதே ஆண்டு முடி துறந்து, துறவியாகி, தன் தரப்பு நியாயத்தை வரலாறாக எழுத உட்கார்ந்தார்.

பேரரசின் தலைநகரம் விழுந்த 1453 வரை அடகு நகை மீளவில்லை.