பொருள்: என் செலவில் தங்கள் இன்ஜினியர்

பெறுநர்: வீட்டுக் கடன் பிரிவு மேலாளர் அவர்கள்

ஐயா,

பாகூர் கொம்யூன் பிள்ளையார்குப்பத்தில் நான் வாங்கவிருக்கும் பழைய மாடி வீட்டைத் தங்கள் பேனல் இன்ஜினியர் பார்த்துவிட்டுப் போனார். புதுவையில் பிள்ளையார்குப்பம் இரண்டு. வில்லியனூர் பக்கம் போய்விடாமல், மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊருக்கே அவர் சரியாக வந்து சேர்ந்ததற்கு முதலில் நன்றி. ஆய்வில் கடினமான பகுதி அதுதான் என்று பிறகு தெரிந்தது.

வாசலில் ஒரு போட்டோ, கூடத்தில் ஒரு போட்டோ எடுத்தார். நாலெல்லையைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மாடிப்படியில் கால் வைக்கவில்லை. (நான் கூட்டிவந்த வாஸ்துக்காரராவது மாடி ஏறினார்.) கட்டணம் என் கணக்கில் கழிந்தது. தங்கள் அலுவலகத்தில் அறிக்கையின் நகல் கேட்டேன். "அது பேங்க்கோட டாக்குமென்ட் சார்" என்றார்கள். நியாயம்தான். கடன் முங்கிப்போகாமல் பார்ப்பது தங்கள் இன்ஜினியரின் வேலை. கூரை என் தலையில் விழுமா என்பது என் சொந்த விஷயம்.

அதனால் வீட்டுக்காரருக்கும் புரோக்கருக்கும் தங்களுக்கும் வேண்டாத ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்தேன். அவர் சுத்தியல் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். வடக்குச் சுவர் 'டொப்' என்றது. பூச்சு செங்கல்லை விட்டுவிட்டதாம். புதுப் பட்டியைச் சுரண்டினால் முழங்கால் உயரத்தில் வெள்ளம் நின்ற கோடு. 2024 நவம்பர் 30-இல் கரை கடந்த ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், அடுத்தடுத்த நாட்களில் தென்பெண்ணை பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்ததும் பெயின்டருக்கு மறந்திருக்கலாம். மாடியில் ஃபேனுக்கு மேலே சிலாப் உப்பியிருந்தது. தட்டியதும் காரை பெயர்ந்து துருக்கம்பி பல்லைக் காட்டியது. உப்புக் காற்றில் துருவேறிய கம்பி பெருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும் என்றார். பின்பக்கம் போய் வாய்க்கால் ஏதும் ஓடுகிறதா என்றும் பார்த்தார். புதுவை ஆட்டுப்பட்டியில் 2024 ஜனவரியில், வாய்க்கால் வேலை நடந்த இடத்தில், கிரகப்பிரவேசத்துக்குக் காத்திருந்த புது மாடி வீடு சாய்ந்து விழுந்ததே, அதனால்.

அவர் எழுதித் தந்த ரிப்போர்ட்டோடு தங்களிடம் வந்தேன். "பேனல்ல இல்லாதவர் ரிப்போர்ட்டை ஏத்துக்க முடியாது" என்றீர்கள்.

சட்டத்தைப் புரட்டினேன். வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பெருங்குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55. வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டால், அவர் பெயின்ட் டப்பாவைத்தான் பார்க்கிறார். 2016-ஆம் வருஷ ரியல் எஸ்டேட் சட்டத்தில் கட்டுமானக் குறைக்கு ஐந்து வருஷப் பொறுப்பு உண்டு. அது புரொமோட்டருக்கு, பழைய தனி வீட்டை விற்கிறவருக்கு இல்லை.

சரி, விலையையாவது குறைக்கச் சொல்வோம் என்று உட்கார்ந்தேன். புரோக்கர் சிரித்தார். "பேங்க்கே இவ்ளோ மதிப்பு போட்டிருக்கு, நீங்க என்ன சார்" என்று தொகையை ரூபாய் சுத்தமாகச் சொன்னார். நான் பணம் கட்டியும் கண்ணில் காணாத அறிக்கை அவருக்கு மனப்பாடம்.

எனவே, அறிக்கையின் நகலை எனக்குத் தர இயலாவிட்டால், புரோக்கரிடம் வாங்கிக்கொள்ள அனுமதிக் கடிதமாவது தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வருங்காலத் தவணைதாரர்

இணைப்பு: கம்பித் துரு, ஒரு பொட்டலம்.
நகல்: பெயின்டருக்கு, பாராட்டுகளுடன்.